மண்புழுக்கள் இடம் மாறியது குறித்து

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் பன்னிரண்டு குடில்களும் ஏரியும் சௌக்கியம். அங்கே நீயும் உன் சைக்கிளும் ஜலதோஷம் பிடிக்காமல் இருக்கிறீர்களா என்று எழுது. மண்புழுக்களின் சௌக்கியத்தை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம். பழைய முன்பதிவுப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், திருப்பிப் பார்த்து யார் யாரோடு எந்தத் தேதியில் வந்து தங்கினார்கள் என்று ஆராய வேண்டாம். போன வாரம் நீ தொலைபேசியில் கேட்டபோது, "எல்லாம் ஒரு மாதிரி முடிஞ்சுது, லெட்டர்ல எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா, அப்போது உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவளிடம் ஒரு திருத்தம் தயாராக இருக்கும், அந்தத் திருத்தத்துக்கு நான் ஒரு மறுப்பு சொல்வேன், அதற்குள் உன் சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிடும். இப்போது அவள் படுக்கை விரிப்புகளை மடிக்கப் போயிருக்கிறாள். இருபத்துநான்கு விரிப்புகள். எனக்கு நேரம் இருக்கிறது.

நம் விடுமுறைப் பூங்காவின் குடில்கள் நிற்கிற மண் நம்முடையது அல்ல, ஏரி வாரியத்துடையது என்பது உனக்குத் தெரியும். இந்த மாதக் கடைசியோடு குத்தகை முடிகிறது. இந்த முறை சுற்றுச்சூழல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அடுத்த பதினைந்து வருஷக் குத்தகை, வாங்காதவர்கள் கதவு, ஜன்னல், கூரை எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு கரையை வந்த நிலையில் விட்டுவிட்டுப் போகலாம் என்று வாரியம் வருஷ ஆரம்பத்திலேயே தபால் போட்டிருந்தது. வந்த நிலை என்றால் முள்ளும் சேறும்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நானும் உன் அம்மாவும் அந்தச் சேற்றில் முழங்கால்வரை நின்று முதல் குடிலுக்குக் கால் நட்டோம். நீ அப்போது ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் உட்கார்ந்து எங்களை மேற்பார்வை பார்த்தாய். நாலு வருஷத்துக்கு முன்னால் படிப்பு முடிந்து வந்தபோது அந்த மேற்பார்வையைத் திரும்ப ஆரம்பித்தாய். நோட்டுப் புத்தகத்தோடு மூன்று நாள் தோட்டமெல்லாம் சுற்றிவிட்டுப் பத்தொன்பது பக்க அறிக்கை ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாய். அதில் பெற்றோர் என்ற சொல்லே கிடையாது, 'நிர்வாகம்' என்று இருந்தது. 'குறை சுட்டிக்காட்டப்பட்டபோது நிர்வாகம் சிரித்தது' என்று ஏழாம் பக்கத்தில் ஒரு வரி. அந்த நிர்வாகம் நான்தான். இப்போது சொல்கிறேன், அந்தப் பத்தொன்பது பக்கம் இல்லாவிட்டால் இந்த வருஷம் விண்ணப்பம் போடவே நமக்கு அருகதை இருந்திருக்காது. இதை நீ சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், மரச்சட்டமாக இருக்கட்டும்.

நீ சொன்னதையெல்லாம் நாங்கள் செய்ததும் உனக்குத் தெரியும், செய்த பிறகு என்ன ஆயிற்று என்பது முழுதாகத் தெரியாது. வாசிப்பு அறையில் ஆள் அசைந்தால் எரிந்து, அசையாவிட்டால் அணைந்துபோகிற விளக்கைப் போட்டோம். படிக்கிறவன் அசைய மாட்டான் என்பதை அந்த விளக்கைக் கண்டுபிடித்தவர் யோசிக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை வந்து மூன்றாம் குடிலில் தங்குவாரே பல் டாக்டர், அவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிவிட்டுத் திரும்பப் படிக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கரையிலிருந்து கப்பலை அழைப்பது போல இருக்கும். நல்ல மனிதர், குறை சொன்னதே இல்லை, தோளுக்கு நல்ல பயிற்சி என்கிறார். புல்லை வெட்டாமல் விட்டோம், பூச்சிகளுக்கு நல்லது என்றாய். பூச்சிகள் எதுவும் சொல்லவில்லை, உன் அம்மாதான் வாசலுக்கு வரும்போதெல்லாம், "முடி வெட்டாத பிள்ளைய வீட்டு முன்னால நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்கிறாள். துண்டை மறுபடி பயன்படுத்துகிறவர்கள் கொக்கியில் மாட்டுங்கள், துவைக்க வேண்டுமென்றால் தரையில் போடுங்கள், போடும் முன் ஏரி என்ன நினைக்கும் என்று ஒரு கணம் யோசியுங்கள் என்று ஒவ்வொரு குளியலறையிலும் நானே கைப்பட எழுதி மாட்டினேன். ஐந்தாம் குடிலில் யாரோ அதற்குக் கீழே, 'கேட்டேன், பதில் இல்லை' என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அதை அழிக்கவில்லை, கையெழுத்து நன்றாக இருந்தது. வெந்நீருக்கு நாலு நிமிஷ மணற்கடிகாரம், குடிலுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கும் உன் அம்மா நகப்பூச்சால் எண் போட்டாள். சின்னப் பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பி வைத்து விளையாடியதில் ஒரு குடும்பம் நாற்பது நிமிஷம் குளித்தது. மணல் தீரவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

இப்போது புழு. உன் அறிக்கையில் பதினோராம் பக்கம். சமையலறைக் கழிவு வெளியே போகக் கூடாது, மண்புழு உரமாக வேண்டும். துணி துவைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் செங்கல் தொட்டி கட்டினோம், அடியில் தண்ணீர் வடிய நாலு துளை, மேலே மரமூடி. நான் மண்புழு பற்றி மூன்று புத்தகம் படித்தேன். அதற்குக் கண் கிடையாது, காது கிடையாது, அமைதியை விரும்பும், புளிப்பு ஆகாது. படிக்கப் படிக்க இதுவல்லவோ ஜீவன் என்று ஒரு மரியாதை வந்துவிட்டது. எலுமிச்சைத் தோல் போடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் மூடியின் மேல் நானே எழுதினேன். நீ கடைசியாக வந்துவிட்டுப் போன பிறகு, அதே கோடையில், ஒரு வங்கிக் கிளைக்காரர்கள் அறுபது பேர் ஒருநாள் வந்து எலுமிச்சைச் சாறாகக் குடித்துத் தீர்த்தார்கள். சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன், மூடியைத் திறந்தேன், கொட்டினேன், மூடினேன். மூடிய பிறகுதான் அறிவிப்பு கண்ணில் பட்டது. திறந்தால் அது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது என்பதை எழுதியவன் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் திறந்தால் ஒரு புழுகூட இல்லை. தோண்டிப் பார்த்தேன், இல்லை. உன் அம்மாவிடம் போய், எழுதி வைத்த நானே கொன்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? முப்பது வருஷமாக, நீங்க எழுதுவீங்க, செய்ய மாட்டீங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறவள் அவள். ஆகவே 'ஆயிடும்' அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

ஆயிடும் அண்ணனை மறந்திருக்க மாட்டாய். குழாய், மின்சாரம், கூரை, தோட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பார், எப்போது ஆகும் என்று கேட்டால் வருத்தப்படுவார். காதும் காதும் வைத்த மாதிரி ஒரு டப்பா புழு வாங்கி வாருங்கள், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்றேன். "ஆயிடும் சார்." ஆயிற்று. புதுப் புழுக்களை விட்டு நாலே நாளில் தொட்டியில் பொலபொலவென்று கறுப்பு உரம் நிரம்பி நின்றது. எனக்கு உடல் சிலிர்த்தது. புத்தகத்தில் இரண்டு மாதம் ஆகும் என்று போட்டிருந்தது, நம் புழுக்கள் நாலு நாளில் முடித்துவிட்டன. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் புழுக்களைக் காணோம். திரும்ப ஆயிடும் அண்ணன், திரும்ப டப்பா, திரும்ப உரம். உழைத்து உழைத்தே சாகின்றன என்று முடிவு கட்டினேன். அந்த உரத்தைச் சின்னத் துணிப் பைகளில் கட்டி, 'நீங்கள் மிச்சம் வைத்தது உங்கள் தோட்டத்துக்கு' என்று எழுதி, ஊருக்குப் போகிறவர்களிடம் ஆளுக்கு ஒன்று கொடுக்க ஆரம்பித்தேன். கொடுக்கும்போது ஒரு சிறு உரையும் ஆற்றுவேன், எட்டு நிமிஷம், கார் கதவைப் பிடித்துக்கொண்டு. பல் டாக்டர் வீட்டு ரோஜா முட்டைக்கோஸ் அளவுக்குப் பூக்கிறதாம். இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

போன மாதம் சான்றிதழ்க்காரர்கள் ஆய்வுக்கு ஆள் அனுப்பினார்கள். பெரிய காரில் நாலு பேர் வருவார்கள் என்று நான் உரையையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ரயில் நிலையத்திலிருந்து மடக்கு சைக்கிளில் ஒரே ஒரு பெண் வந்து இறங்கினாள். உன் வயதுதான் இருக்கும், முதுகில் பை, கையில் ஒரு தராசு, கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிற சின்னத் தராசு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, தன் புட்டியைக் காட்டிவிட்டு, "முதல்ல குப்பைய பாத்துடலாம் சார்" என்றாள். உன் அம்மா என் காதில், "நம்ம பொண்ணையே மாறுவேஷத்துல அனுப்பிட்டாங்களா?" என்றாள். இரண்டு நாள் தங்கினாள். குழாயைத் திறந்து ஒரு வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று எண்ணினாள். பாதை விளக்குகளின் அடியில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு குடிலாகப் போய்ச் சோப்புக் குப்பியை, துண்டை, மணற்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். என் அறிவிப்புகள் எல்லாவற்றையும் படித்தாள், ஐந்தாம் குடிலிலிருந்து வெளியே வரும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் மதியம்வரை வாய்விட்டு ஒரு குறை சொல்லவில்லை. உன் அம்மா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. சமையலறை ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்து, "இன்னும் பதினஞ்சு வருஷம்ங்க" என்றாள், சத்தம் வராமல்.

சாப்பாட்டுக்குப் பிறகு தொட்டியைப் பார்க்க வந்தோம். நான் வழக்கமான எட்டு நிமிஷத்தை ஆரம்பித்தேன். பின்னால் பல் டாக்டர் தானாகவே வந்து சேர்ந்துகொண்டார். சாட்சி சொல்ல வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அன்பினால் சொன்னார். "மேடம், நான் எத்தனையோ இடத்துல தங்கியிருக்கேன், இந்த மாதிரி உரம் பார்த்ததில்ல. போன தடவை மட்டும் எனக்கு எட்டு பை குடுத்தாரு. கேட்டவங்களுக்கெல்லாம் குடுக்கறாரு, கர்ணன் மாதிரி." அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு பையை வாங்கிக் கொக்கியில் மாட்டி எடை பார்த்தாள். பிறகு என் பதிவேட்டைக் கேட்டாள். தினமும் எத்தனை கிலோ கழிவு போட்டோம், எத்தனை பை கொடுத்தோம் என்று இரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதி வைத்திருக்கிறேன், நிறுத்தற்குறிகூட விடாமல். அதைப் புரட்டினாள், விரலால் ஏதோ கணக்குப் போட்டாள், திரும்ப முதலிலிருந்து போட்டாள். பிறகு ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். "சார், ஒரு நாளைக்கு ஆறு கிலோ போடறீங்க, வாரத்துக்கு நாப்பத்திரண்டு. அது உரமானா பாதிகூட தேறாது. நீங்க வாரத்துக்கு எம்பது கிலோ குடுத்திருக்கீங்க. உங்க புழு மீதிய எங்க போய் வாங்கிட்டு வருது?"

எனக்கு உண்மையாகவே பதில் தெரியாது, அதுதான் கொடுமை. புழு வாங்கியது தெரியும், உரம் எப்படி வந்தது என்று தெரியாது. நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஆயிடும் அண்ணனைப் பார்த்தாள், அவர் ஏரியைப் பார்த்தார். ஏரியும் ஒன்றும் சொல்லவில்லை, ஐந்தாம் குடில்காரர் எழுதியது சரிதான். நான் ஏதாவது சமாளித்திருப்பேன், உரத்தில் ஈரம் இருக்கும், எடை கூடும் என்று வாயெடுத்துவிட்டேன்கூட. அதற்குள் உன் அம்மா, "வேண்டாங்க. பொய் சொல்லி வாங்கற இடத்துல எனக்குத் தூக்கம் வராது" என்றாள். அந்தப் பெண்ணைப் பார்த்துத் திரும்பி, "நான்தாம்மா வாங்கிப் போட்டேன். மூட்டை மூட்டையா. ரெண்டு வருஷமா" என்றாள்.

அம்மாடி, நடந்தது இதுதான். அதே கோடையில், அதே வாரத்தில், புழுவெல்லாம் வெயிலில் வாடுமே என்று இரக்கப்பட்டு அவள் ஒரு வாளி தண்ணீரைத் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். ஊற்றிய பிறகுதான் அது துணி அலசிய சோப்புத் தண்ணீர் என்று தெரிந்திருக்கிறது. மறுநாள் பார்த்தால் புழு இல்லை. தான்தான் கொன்றுவிட்டோம் என்று பதறிப்போய், "இந்த மனுஷன் மூணு புஸ்தகம் படிச்சு, பேர் வைக்காத குறையா வளர்த்தாரு, சொன்னா உடைஞ்சு போயிடுவாரு" என்று நினைத்து ஆயிடும் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, சந்தையிலிருந்து உர மூட்டை கொண்டுவரச் சொல்லி, தொட்டியில் கொட்டி மட்டம் தட்டியிருக்கிறாள். நான் புதுப் புழு விட, அவள் புது உரம் போட, உரத்தில் புழுவைப் பார்த்து மூட்டையோடு வந்தது என்று அவள் நினைக்க, புழு விட்டதும் உரம் வருவதைப் பார்த்து நான் பூரிக்க, இப்படியே இரண்டு வருஷம். "நீ கொல்லல, நான்தான் கொன்னேன், எலுமிச்சந்தோல்" என்றேன். "நீங்க போட்டது வியாழக்கிழமை, நான் புதன்கிழமையே ஊத்திட்டேன்" என்றாள். "புதன்கிழமை ராத்திரி நான் திறந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். "கண்ணாடி போட்டுட்டா பார்த்தீங்க?" என்றாள். ஒரு கொலைக்கு இரண்டு பேர் இப்படி உரிமை கொண்டாடுவதை அந்தப் பெண் தன் உத்தியோகத்தில் பார்த்திருக்க மாட்டாள், எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆயிடும் அண்ணன் பக்கம் திரும்பினோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அம்மா சாருக்குச் சொல்லாதேன்னாங்க, சார் அம்மாவுக்குச் சொல்லாதேன்னாரு. நான் ரெண்டு பேர் பேச்சையும் காப்பாத்தியிருக்கேன். இந்த இடத்துல வேற யாரு காப்பாத்துவா?" என்றார். பல் டாக்டர் தன் கையில் இருந்த பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பல் பிடுங்கும் முன் நோயாளி அவரைப் பார்ப்பது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒப்புக்கொள்ள ஆரம்பித்தால் உன் அம்மாவுக்கு நிறுத்தத் தெரியாது. மழை நாளில் கொட்டகைக்குப் பின்னால் போர்வை போட்டு மூடி வைத்திருக்கும் மின்சார உலர்த்தியில் துண்டு காயவைப்பது, நான் ஆளில்லாத குடிலுக்குப் போய் மணற்கடிகாரத்தை இரண்டு முறை திருப்பி வைத்துக் குளிப்பது, வெட்டாத புல்லைப் போன கோடையில் ஒருநாள் பொறுக்காமல் அவளே கத்தரிக்கோலால் ஓரம் வெட்டியது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அதில் இரண்டு எனக்கே புதுசு. பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "சான்றிதழ் வேண்டாம்மா, இனிமே செய்ய மாட்டோம்னு மட்டும் எழுதிக்கோ" என்றாள். நான் கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு. பிரிக்க எத்தனை நாள் ஆகும் என்று யோசித்தேன். ஆயிடும் அண்ணனிடம் கேட்டால் என்ன சொல்வார் என்பது தெரியும்.

அந்தப் பெண் தொட்டியைச் சுற்றி வந்தாள். "செத்திருந்தா உடம்பு கிடைச்சிருக்கணுமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் அதை யோசித்ததே இல்லை, கொலை செய்த பதற்றம். பின்பக்கம் குனிந்து அந்த நாலு துளைகளைப் பார்த்தாள், அங்கிருந்து சுவரோரம் பார்த்தாள். மழைநீர்த் தொட்டி நிரம்பினால் வழிகிற குழாய் சொட்டும் இடம், நிழல், அங்கே ஒரு சருகுக் குவியல். ஆயிடும் அண்ணன் கூட்டுவதையெல்லாம் எடுத்துப்போடச் சோம்பல்பட்டு அங்கேயே தள்ளித் தள்ளி வைத்தது. அதை எடு, எடு என்று உன் அம்மா இரண்டு வருஷமாகச் சொல்ல, "ஆயிடும்மா" என்று அவரும் இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தார். அந்தப் பெண் மண்வெட்டியை வாங்கி ஓரமாக ஒரு வெட்டு வெட்டிப் புரட்டினாள். கண்ணு, அந்த ஒரு வெட்டில் எத்தனை புழு என்கிறாய்! கொழுத்து, செக்கச்சிவந்து, பின்னிப் பிணைந்து, குட்டியும் முட்டையுமாகப் பெரிய சம்சாரம். நான் விட்ட அத்தனை டப்பாவும் அங்கேதான் இருந்தது. எலுமிச்சை, சோப்பு, என் தலை, உன் அம்மாவின் வாளி, இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் துளை வழியாகக் கிளம்பி, யாரும் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடிப் போய்க் குடியேறிவிட்டன. நாங்கள் இந்தப் பக்கம் காரியம் செய்யாத குறை, அவை அந்தப் பக்கம் சௌக்கியமாக இருந்திருக்கின்றன. உன் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "பிள்ளைங்களும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தாள். நான் தடுத்துவிட்டேன். உனக்கு இதில் ஏதாவது தோன்றினால் அது உன் கற்பனை, நான் நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

அறிக்கை பத்து நாள் கழித்து வந்தது. உர உற்பத்திக் கணக்கு நம்பத்தகுந்ததாக இல்லை என்று இருந்தது. உரிமையாளர்கள் கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்கள், கேட்காததையும் ஒப்புக்கொண்டார்கள் என்று இருந்தது. செங்கல் தொட்டி தேவையற்றது, சருகுக் குவியல் முறை மிகச் சிறப்பானது, திட்டமிட்டுச் செய்தவரைப் பாராட்டலாம் என்றும் இருந்தது. அந்த வரியை ஆயிடும் அண்ணன் என்னிடம் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இந்தப் பூங்காவில் முழுக்க ஒழுங்காக நடந்த ஒரே வேலை அவர் செய்யாமல் விட்டதுதான் என்று நான் சொல்லவில்லை, அவர் சம்பள உயர்வு கேட்கிற முகத்தோடு நின்றிருந்தார். பல் டாக்டருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன், ரோஜாவுக்கு யார் உரம் என்று தெரியாது, அதனிடம் சொல்ல வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறார். கடைசியில் முடிவு இது. சான்றிதழ் உண்டு, ஆனால் தற்காலிகம். வாரியமும் அதை வைத்து மூன்று மாதத்துக்கு மட்டும் குத்தகையை நீட்டியிருக்கிறது. அதற்குள் இரண்டு குறையைச் சரிசெய்து காட்டினால் பதினைந்து வருஷம், இல்லாவிட்டால் முள்ளும் சேறும். முதல் குறை உர விநியோகம், நிறுத்தியாகிவிட்டது, என் எட்டு நிமிஷமும் அதோடு போயிற்று. இரண்டாவது குறை: 'ஏழாம் குடிலில் மணற்கடிகாரம் இல்லை.'

இதற்காக வீட்டையே கவிழ்த்துத் தேடினோம். ஏழாம் குடிலில் தங்கிய சின்னப் பிள்ளைகள் எல்லாரையும் மனத்துக்குள் சந்தேகப்பட்டேன், ஒரு நாலு வயதுப் பெண்ணின் முகம்கூட எனக்குத் திருட்டுமுழியாகத் தெரிந்தது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்களாம். நேற்று உன் அம்மா, நீ போன மாதம் அனுப்பிய உன் புதுச் சமையலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று டப்பாக்களை எண்ணுவதற்காக. எண்ணிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், நீல மரமூடி, அதில் சிவப்பு நகப்பூச்சால் ஏழு. போன தடவை நீ வந்தபோது உன் அறை முழுக்கச் சூரியத் தகடுகள் வந்த அட்டைப்பெட்டி என்று ஏழாம் குடிலில்தானே தங்கினாய். பத்தொன்பது பக்கத்துக்கு எங்களைக் குற்றம் சாட்டிய ஆள் நீ. நான் எதுவும் கேட்கப் போவதில்லை. ஏன் எடுத்தாய் என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள், பிறகு அவளே, "கேக்காதீங்க, எடுத்துட்டுப் போகணும்னு தோணியிருக்கே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆகவே அது வேண்டும், மூன்று மாதத்துக்குள். தபாலில் அனுப்பாதே, கண்ணாடி. நேரில் கொண்டு வா. விமானத்தில் ஒருமுறை வந்துபோனால் நம் பன்னிரண்டு குடில்களும் ஐந்து மாதம் எரிக்கிற விளக்கும் காய்ச்சுகிற வெந்நீரும் சேர்ந்தால் எவ்வளவு கேடோ அவ்வளவு கேடு என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ அட்டவணை போட்டு அனுப்பினாய், அதற்குப் பிறகு வரவில்லை. அந்த அட்டவணையை நான் அலுவலக அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன், அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானும் சரிபார்த்துவிட்டேன். பூங்காவை இருட்டில் போட முடியாது, விருந்தாளிகள் என்ன பாவம் செய்தார்கள், ஆனால் எங்கள் வீட்டு அளவுக்கு நாங்கள் ஈடு கட்டலாம். எத்தனை வருஷம் விளக்கைக் குறைத்து, பச்சைத் தண்ணீரில் குளித்தால் கணக்கு நேராகும் என்று போட்டுப் பார்த்தேன், எனக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல் போகிறது. உன் அம்மாவிடம் சொன்னேன். எத்தனை வருஷம் என்றுகூடக் கேட்காமல், "இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்" என்று எழுந்து போய் வெந்நீர்க் குழாயை மூடிவிட்டு வந்தாள். நான் இரண்டு நாளாகப் பல் கிட்டக் குளித்துக்கொண்டிருக்கிறேன், ஆகவே டிக்கெட்டைச் சீக்கிரம் போடு.

மற்றபடி ஈரத் தலையோடு சைக்கிளில் போகாதே. காலையில் நின்றுகொண்டே தின்றுவிட்டு ஓடாதே. உன் மேலதிகாரிக்குப் பத்தொன்பது பக்கத்தில் எதையும் எழுதிக் கொடுக்காதே, எல்லாரும் உன் அப்பா மாதிரி சிரித்துவிட்டுப் போக மாட்டார்கள். நீ நினைத்ததெல்லாம் கைகூடி, நல்ல தூக்கமும் நல்ல பசியும் நல்ல ஆட்களின் துணையும் கிடைத்து, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். விரிப்பு மடித்து முடிந்துவிட்டது, காலடிச் சத்தம் கேட்கிறது. கடிகாரத்தைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. உனக்கு ஏழாம் குடில்தான். பின்பக்கம் சருகுக் குவியல் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம், ஆனால் ரொம்ப எட்டிப் பார்க்கக் கூடாது என்று இப்போது அங்கே ஓர் அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி.

இப்படிக்கு,
பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டு காத்திருக்கும் நிர்வாகம்,
உன் அப்பா